காசிமேட்டுல 8 நிமிஷக் குறும்படம், ரெண்டு நாள் ஷூட்: ஸ்கிரிப்ட், ஷெட்யூல் பாத்துச் சொல்லுங்க

விஸ்காம்_மூணாவது_பெஞ்ச்

எல்லாருக்கும் வணக்கம். காலேஜ் திறந்ததும் ஜூலையில குறும்படம் ஒண்ணு சமர்ப்பிக்கணும், 10 நிமிஷத்துக்குள்ள. மே மாசம் நடுவுல ரெண்டு நாள்ல எடுத்து முடிக்கணும்னு திட்டம்.

கதை: வட சென்னை காசிமேடு மீன்பிடி துறைமுகத்துல விசைப்படகுல கூலிக்குப் போற அப்பா. பொண்ணு பிளஸ் டூ முடிச்சாச்சு, காலேஜ்ல சீட் கிடைச்சிருக்கு. ஃபீஸ் கட்டப் பணம் இல்ல. மொத்தம் 14 சீன். விடியக்காலைல மீன் ஏலம், நடுக்கடல்ல படகு, ராயபுரம் ரயில் நிலையத்துல பொண்ணு தோழிகிட்ட பேசறது, தண்டையார்பேட்டை லைன் வீடு, அப்பாவை மிரட்டற ஒரு ரவுடி, சின்ன வயசு ஃப்ளாஷ்பேக், 8 வயசுத் தம்பி, அடகுக் கடை, கடைசில காலேஜ் வாசல்.

கையில இருக்கறது: ஏபிஎஸ்-சி சென்சார் (ஃபுல் ஃபிரேமை விடச் சின்னது) மிரர்லெஸ் கேமரா, கூட வந்த 18–55 எம்எம் ஜூம் (கிட் லென்ஸ்), ஜூம் இல்லாத 50 எம்எம் பிரைம் லென்ஸ், கேமரா மேல மாட்டற மைக். டீம்ல ஆறு பேர். பட்ஜெட் 15,000 ரூபா. எங்க சிக்கும்னு சொல்லுங்க.

காசிமேடு_கரை

முதல் சீன்லயே சிக்கும் தம்பி. கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஒண்ணுகூட கடலுக்குப் போகாது. நீங்க மே மாசம் போனா வரிசையா கட்டிப்போட்ட படகும், பெயிண்ட் வேலையும், வலை ரிப்பேரும்தான் பாப்பீங்க. ஃபைபர் படகு போகும், கொஞ்சம் மீன் வரும். ஆனா நீங்க எழுதியிருக்கற பெரிய ஏலம் இருக்காது.

தடை முடிஞ்சு எடுத்துக்கலாம்னு ஜூன் 15 காலைல போனாலும் ஆகாது. எல்லாப் படகும் அப்பதான் கிளம்பிப் போயிருக்கும், துறைமுகமே காலியா இருக்கும். பல நாள் கடல்ல தங்கிப் பிடிக்கற படகுங்க திரும்பினாதான் ஏலம் களைகட்டும். சரி, இன்னும் தள்ளலாம்னா ஜூலை நடுவுல ஆடி பொறந்துடும். ஞாயித்துக்கிழமைக்கு ஒரு அம்மன் கோயில்ல கூழ் ஊத்துவாங்க, தெருவுக்குத் தெரு ஸ்பீக்கர் கட்டியிருப்பாங்க. வசனம் பதிவு பண்ணவே முடியாது.

என்னைக் கேட்டா தேதியை மாத்தாதீங்க, கதையை மாத்துங்க. பிளஸ் டூ ரிசல்ட் வந்து ஃபீஸ் கேக்கறதும் மே, ஜூன்லதான். அப்பாவுக்கு வருமானம் நிக்கறதும் அதே மாசம்தான். உங்க கதையோட முடிச்சே அங்கதான் இருக்கு, நீங்க அதை எழுதாம விட்டிருக்கீங்க. தடைக்காலத்துக்குள்ளயே முழுப் படத்தையும் வைங்க. கடல்ல போற படகு வேண்டாம், கட்டிக்கிடக்கற படகு போதும்.

எடிட்_மேசை

காசிமேடு_கரை சொன்னதை அப்படியே வழிமொழியறேன். ஒரு பக்கம் ஒரு நிமிஷம்ங்கற பொதுக்கணக்குல 8 நிமிஷப் படத்துக்கு 8 பக்கம். அதுல 14 சீன்னா ஒரு சீனுக்கு அரை நிமிஷம் சொச்சம். பாக்கறவங்க இடத்தைப் புரிஞ்சுக்கறதுக்குள்ள அடுத்த இடம் வந்துடும். அஞ்சு இல்ல ஆறு சீன் போதும். ரெண்டு லொகேஷன், மூணு பாத்திரம்.

எதை எடுக்கணும்னு கேட்டா, என் கத்தரி முதல்ல ரவுடி மேலதான் விழும். வட சென்னைன்னாலே கத்தியும் மிரட்டலும்னு ஆக்கி வச்சிருக்காங்க. அதை ஒரு மாணவர் படமும் செய்யணுமா? உங்க கதையில அப்பாவை நெருக்கறது காலண்டர். ஃபீஸ் கட்ட கடைசித் தேதி ஜூன் 10, படகு போறது ஜூன் 15. இந்த இடைவெளியை விட எந்த ரவுடியும் பயமுறுத்த முடியாது.

ஃப்ளாஷ்பேக்கும் வேண்டாம். அதுக்கு இன்னொரு குழந்தை, இன்னொரு உடை, இளவயசு அப்பா மேக்கப், எல்லாம் சேர்த்து 20 செகண்ட் கிடைக்கும்.

அடகுக் கடை சீன்: உள்ள போக அனுமதி கேக்கணும், எல்லாப் பக்கமும் கண்ணாடி, கேமரா பிம்பம் விழும், கடைக்காரரா நடிக்க ஒருத்தர் வேணும். அதுக்குப் பதிலா ஒரே ஷாட். முந்தின சீன்ல அம்மா காதுல தோடு. அடுத்த சீன்ல அதே அம்மா அரிசி களையறாங்க, காதுல வேப்பங்குச்சி. தமிழ்நாட்டுல இதைப் பாத்துப் புரியாதவங்க யாரும் கிடையாது. பொண்ணு அந்தக் காதைப் பாக்கறா, ஒண்ணும் பேசல. ஒரு லொகேஷன் மிச்சம், ஒரு நடிகர் மிச்சம், சீனும் பல மடங்கு பெருசு. ஆனா எந்த ஷாட்ல தோடு, எதுல குச்சிங்கற கன்டினியூட்டியை யாராவது ஒருத்தர் கையில எழுதி வச்சுக்கணும். ரெண்டையும் ஒரே நாள்ல எடுப்பீங்க, கண்டிப்பா மாறும்.

கால்ஷீட்_மேனேஜர்

8 வயசுத் தம்பி பத்தி யாரும் சொல்லல. குழந்தை நடிக்கறதுக்குச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் அனுமதி வேணும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல கூடாது, 3 மணி நேரத்துக்கு மேல ஓய்வில்லாமல் கூடாது. மே மாச வெயில்ல, துறைமுகத்துல, அனுபவமில்லாத டீம் கையில குழந்தையைக் கொடுக்கறது சரியில்ல. கதைக்கும் அவன் தேவைப்படல.

ராயபுரம் ஸ்டேஷன்: 1856-ல திறந்த கட்டடம், திரையில அழகா இருக்கும், ஆசை புரியுது. ஆனா ரயில்வே இடம் எதுவா இருந்தாலும் தெற்கு ரயில்வேகிட்ட முன்கூட்டியே எழுத்துல அனுமதி வாங்கணும். பிளாட்பார டிக்கெட் எடுத்துட்டுப் போயிட்டா போதும்னு சிலர் சொல்வாங்க, நம்பாதீங்க. ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்பிஎஃப்) நிறுத்தினா அன்னிக்கு ஷெட்யூல் முழுக்கப் போச்சு. ரெண்டு தோழிங்க பேசறதுக்கு ஸ்டேஷன் எதுக்கு? வீட்டு மொட்டை மாடியில பேசட்டும்.

துறைமுகத்துக்குக் காலேஜ் லெட்டர்ஹெட்ல கடிதம்: டீம்ல எத்தனை பேர், எந்தத் தேதி, எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரை, என்ன கருவி, எல்லாம் எழுதி, துறைத்தலைவர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்குங்க. மூணு நகல். ஒண்ணு மீன்பிடி துறைமுக நிர்வாகத்துக்கு, ஒண்ணு அந்த எல்லை போலீஸ் ஸ்டேஷனுக்கு, ஒண்ணு உங்க பையில. வாங்கிக்கிட்டதுக்கு நகல்ல முத்திரை கேளுங்க. அதோட படகு ஓனர்கிட்டயும் அங்க இருக்கற சங்கத்துக்காரங்ககிட்டயும் நேர்ல போய்ப் பேசுங்க. காகிதத்தை விட இதுதான் அங்க வேலை செய்யும். பக்கத்துல இருக்கற சென்னைத் துறைமுகம் மத்திய தொழில் பாதுகாப்புப் படை (சிஐஎஸ்எஃப்) காவல்ல இருக்கு, அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பாதீங்க.

ஃபோகஸ்_புல்லர்

கேமரா பக்கம்.

செகண்டுக்கு 25 ஃபிரேம் (எஃப்பிஎஸ்), ஷட்டர் 1/50 செகண்ட். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட் செகண்டுக்கு 100 தடவை துடிக்கும். 1/50, 1/100 ரெண்டும் அதோட ஒத்துப்போகும். 1/60 வச்சா வீட்டுக்குள்ள படம் முழுக்க அலையலையா ஓடும், எடிட்ல சரி பண்றது பெரும்பாடு. வெளியே வெயில்ல 1/50 வச்சா வெளுத்துப் போகும், ஷட்டரை ஏத்தாதீங்க, வெளிச்சத்தைக் குறைக்கற என்டி ஃபில்டர் வாடகைக்கு எடுங்க. 

லைன் வீட்டு ரூம் 10-க்கு 10 அடின்னு வச்சுக்குவோம். சுவரோரம் டிரைபாட் வச்சா நடிகர் 7 அடி தூரத்துல இருப்பார். உங்க சென்சார்ல 50 லென்ஸ் அந்தத் தூரத்துல காட்டறது சுமார் ஒரு மீட்டர் அகலம்தான், ஒரு ஆள் மார்பளவு. ரெண்டு பேரை ஒரே ஃபிரேம்ல வைக்கவே முடியாது. அதே இடத்துல 18-ல சுமார் 2.7 மீட்டர் கிடைக்கும். ஆக வீட்டுக்குள்ள வைட் எல்லாம் கிட் லென்ஸ், குளோசப் மட்டும் 50. எந்தெந்த ஷாட்னு பிரிச்சு (ஷாட் டிவிஷன்) எழுதும்போதே லென்ஸையும் எழுதுங்க.

சந்துல நீலத் தார்பாலின் கட்டியிருக்கான்னு லொகேஷன் பாக்கப் போகும்போதே கவனிங்க. வெயில் அது வழியா இறங்கினா முகம் ஒரு பக்கம் நீலமாயிடும். ஒயிட் பேலன்ஸ் மாத்தினா மறுபக்கம் ஆரஞ்சாயிடும். வீட்டுக்காரங்ககிட்ட கேட்டு அரை நாள் அவிழ்த்துக்கலாம், இல்லேன்னா அதுக்குக் கீழ வெள்ளைத் துணி கட்டலாம்.

முகத்துக்கு எக்ஸ்போஸ் பண்ணுங்க. இதை அழுத்திச் சொல்றேன். வெளிச்ச அளவை ஸ்கிரீன்ல கோடு போட்டுக் காட்டற ஜீப்ராவை 70 சதவீதத்துல வைக்கச் சொல்ற பாடமெல்லாம் வெள்ளைத் தோலுக்கு. கருப்பு, மாநிறத் தோலுக்கு 45–55-ல வரட்டும். அதை 70-க்கு ஏத்தினா நம்ம ஆளுங்க நிறமே போயிடும், பின்னாடி வாசலும் வெந்துடும். ரொம்பக் கீழ விட்டா முகம் சேறாகி நாய்ஸ் வரும். வாசல் வெளிச்சத்தைப் பக்கவாட்டுல வாங்கி, எதிர்ப்பக்கம் ஒரு தெர்மகோல் ஷீட். அவ்வளவுதான், மணிக்கணக்கா லைட் வைக்க வேண்டியதில்ல.

மே நடுவுல சூரியன் உதிக்கறது காலை 5:45 வாக்குல. மெத்துன வெளிச்சம் 7:15 வரை. 8 மணிக்கு மேல நெத்தி நிழல் கண்ணுல விழும். கடல் கிழக்க இருக்கறதால கேமரா கடலைப் பாத்தா ஆள் நிழலுருவம், கரையைப் பாத்தா நேர் வெளிச்சம் தட்டையா அடிக்கும். வடக்கோ தெற்கோ பாக்கற மாதிரி வைங்க, பக்கவாட்டு ஒளி கிடைக்கும்.

பூம்_ராடு

கேமரா மேல மாட்டற மைக்கைப் பைலட் டிராக்குக்கு (எடிட்ல ஒத்துப்பாக்கற சத்தம்) மட்டும் வச்சுக்கோங்க. 7 அடி தள்ளி இருக்கற வாய்க்கு அது உதவாது. மைக் ஃபிரேம் விளிம்புக்கு மேல ஒரு சாண் தூரத்துல, வாயைப் பாத்து இருக்கணும். மைக்கை நீட்டிப் பிடிக்கற கம்பு (பூம்), ரெக்கார்டர், ரோமத் துணி போட்ட விண்ட்ஷீல்ட். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சத்தமான வசனம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு டேக்குக்கும் கிளாப்.

தடைக்காலத்துல எடுக்கறது எனக்குப் பெரிய சந்தோஷம். என்ஜின் ஓடாது, ஐஸ் மெஷின் சத்தம் குறையும். அப்படியும் படகு மராமத்து நடக்கும், சுத்தியல், கிரைண்டர். அதனால படகு மேல வசனமே வைக்காதீங்க, இல்லேன்னா ரெண்டே வரி. வசனம் எல்லாம் வீட்டுல.

வீட்டுல ஃபேன் ஆஃப், ஃபிரிட்ஜ் ஆஃப். ஃபிரிட்ஜை அணைக்கும்போது வண்டிச் சாவியை அதுக்குள்ள வச்சுடுங்க, போகும்போது ஆன் பண்ண மறக்க மாட்டீங்க. லைன் வீட்டுல காலை 6-ல இருந்து 9 வரை தண்ணி பிடிக்கறது, குக்கர், மிக்ஸி. 11-ல இருந்து 3 வரை ஓரளவு அமைதி. தகர ஷீட்டுக் கூரையா இருந்தா வெயில்ல விரியும்போது டிக் டிக்குனு சத்தம் வரும், முன்னாடியே ஒரு மத்தியானம் போய் உக்காந்து கேளுங்க. ஷூட் முடிஞ்சதும் எல்லாரும் அசையாம நின்னு ஒரு நிமிஷம் ரூம் டோன், அதாவது யாரும் பேசாத அறையோட சத்தம், பதிவு பண்ணுங்க. எல்லாரும் வீட்டுக்குப் போற அவசரத்துல விடுறது இதைத்தான். அது இல்லாம எடிட்ல வசனத்துக்கு நடுவுல ஓட்டை ஓட்டையா கேக்கும்.

எடிட்_மேசை

வீட்டுச் சீனை அப்புறமா டப் பண்ணிடலாமே? லைன் வீட்டுல சுத்தமான சவுண்ட் கிடைக்கறது கஷ்டம்.

பூம்_ராடு

இதுல நான் ஒத்துக்க மாட்டேன் அக்கா. புதுசா நடிக்கறவங்க ஸ்பாட்ல பேசினதை அறையில திரும்பப் பேசும்போது உயிர் போயிடும், உதடும் ஒட்டாது. அப்பாவா உண்மையான மீனவரைப் போடறதா இருந்தா நிச்சயமா முடியாது. பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தம் பின்னாடி கேட்டா கேக்கட்டும், அது லைன் வீடுதானே. வசனத்து மேல ஏறாம இருந்தா போதும். வேணும்னா நல்ல டேக் எடுத்ததும் அங்கயே கேமரா இல்லாம அதே வரிகளை ரெண்டு தடவை பேசவச்சு பதிவு பண்ணிடுங்க. அந்த ஒரு வார்த்தை கெட்டுப்போன இடத்துல இதுல இருந்து எடுத்து ஒட்டலாம்.

எடிட்_மேசை

அப்படி எடுத்துத் தந்தா எனக்கு மறுப்பு இல்ல.

விஸ்காம்_மூணாவது_பெஞ்ச்

எல்லாருக்கும் நன்றி. ரவுடி, தம்பி, ஃப்ளாஷ்பேக், ஸ்டேஷன், அடகுக் கடை எல்லாம் போச்சு. புது ஒன்லைன்: தடைக்காலத்துல கட்டிக்கிடக்கற படகுல அப்பா வலை பின்னிட்டிருக்கார், ஃபீஸ் தேதி நெருங்குது, பொண்ணு தானும் வலை ஊசியை எடுத்துக் கூலிக்குப் பின்ன உக்கார்றா. அஞ்சு சீன், ரெண்டு லொகேஷன். சீன் 1, 3, 5 படகு. சீன் 2, 4 வீடு.

அப்பாவுக்கு எங்க ட்ரூப்ல ஒரு நாடக நடிகர் இருக்கார். வலை பின்ற குளோசப் மட்டும் உண்மையான மீனவர் கையை எடுத்துக்கலாமா? துறைமுகத்தை மேல இருந்து ஒரு ட்ரோன் ஷாட்டும் ஆசை.

காசிமேடு_கரை

கையை மாத்தினா தெரிஞ்சுடும். வருஷக்கணக்கா கயிறும் உப்புத்தண்ணியும் பட்ட கை அது. விரல் மடிப்புல வெடிப்பு இருக்கும், நகம் தேஞ்சிருக்கும். நாடக நடிகர் முகத்துல இருந்து அந்தக் கைக்குக் கட் பண்ணினா வேற ஆள்னு உடனே தெரியும். பின்றவரையே அப்பாவா போடுங்க. ஊசியை வலைக்கண்ணுக்குள்ள விட்டு, நூலை விரல்ல ஒரு சுத்து சுத்தி, கண்ணளவு சரி பாத்து, கட்டைவிரலால அமுக்கிப்பிடிச்சு முடிச்சை இறுக்கறது அவருக்குக் கண்ணை மூடிட்டு வரும். கை வேலையில இருக்கும்போது கேமராவும் மறந்துடும். வசனத்தை அவர் வாய்க்கு ஏத்த மாதிரி குறைச்சுக் கொடுங்க. பொண்ணா நடிக்கறவங்க ஷூட்டுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு வாரம் உக்காந்து பின்னக் கத்துக்கணும். உங்க கடைசி சீன் நிக்கறதே அதுலதான்.

இன்னொண்ணு, ரொம்ப முக்கியம். வலையில கிழிசலைப் பின்னினா அது மூடிக்கிட்டே வரும். முதல் டேக்ல பெரிய ஓட்டை, நாலாவது டேக்ல ஓட்டையே இருக்காது. பழைய வலையில ஒரே நிறத்துல, ஒரே கண்ணளவுல நாலஞ்சு துண்டு வாங்கி, எல்லாத்துலயும் ஒரே மாதிரி கிழிசல் வெட்டி வச்சுக்குங்க. ஒரு டேக்குக்கு ஒரு துண்டு. ஓரம் நூல் நிறம் மாறினாலும் காட்டிக்கொடுக்கும்.

ஃபோகஸ்_புல்லர்

அதோட படகு ஆடுங்கறதையும் யோசிங்க. டிரைபாடைப் படகு மேல வச்சா படகும் ஆளும் அசையாம இருப்பாங்க, பின்னாடி கரை ஏறி இறங்கும். படகு கட்டற பாலத்து (ஜெட்டி) மேல வச்சா கரை நிக்கும், படகு ஆடும். ரெண்டையும் ஒரே சீன்ல கலந்து வெட்டினா பாக்கறவங்களுக்குத் தலை சுத்தும். அப்பா தனியா இருக்கற சீன் 1 பாலத்துல இருந்து, பொண்ணு பக்கத்துல வந்து உக்கார்ற சீன் 5 படகு மேல இருந்துன்னு பிரிச்சா அர்த்தமும் கிடைக்கும்.

படகு மேல நாலு பேருக்கு மேல ஏறாதீங்க. மீன் எண்ணெய் வழுக்கும், ரப்பர் செருப்பு போடுங்க. கேமராவுல கயிறு கட்டி ஒருத்தர் மணிக்கட்டுல சுத்திக்கணும். உப்புக்காத்து லென்ஸ்ல படியும், அரை மணிக்கு ஒரு தடவை பாத்து முதல்ல ஊதி, அப்புறம் துடைங்க. ஊதாம துடைச்சா மணல் கீறிடும்.

ட்ரோன் வேண்டாம். அந்த வட்டாரத்துல துறைமுகம் இருக்கு. ட்ரோன் விதிகள் 2021-படி சிவப்பு, மஞ்சள் மண்டலத்துல அனுமதி இல்லாம பறக்கவிட முடியாது, 250 கிராமுக்குக் கீழ இருந்தாலும் சரி. கதையும் ரெண்டு கை, ஒரு வலை பத்தினது. மேல போனா எதுவும் தெரியாது.

கால்ஷீட்_மேனேஜர்

ஷெட்யூல் போடுவோம். வேடிக்கை பாக்கற கூட்டம் சனி, ஞாயிறு அதிகம், தடைக்காலத்துலயும் மக்கள் மீன் வாங்க வருவாங்க. செவ்வாய், புதன் வைங்க.

முதல் நாள் படகு. 5 மணிக்கு எல்லாரும் ஸ்பாட்ல. 5:30-ல இருந்து 8:30 வரை சீன் 1, சீன் 5 வைட். 9-ல இருந்து 11 நிழல்ல கை குளோசப். 11-ல இருந்து 3:30 யாரும் வெயில்ல நிக்கக் கூடாது, இது விட்டுக்கொடுக்கக் கூடாத விஷயம். 4-ல இருந்து 6:15 வரை சீன் 3. வைல்ட் டிராக் (படம் இல்லாம சத்தம் மட்டும்) அதுக்கப்புறம்: தண்ணி படகுல மோதறது, கயிறு முறுக்கறது, காக்கா.

ரெண்டாம் நாள் வீடு. 9 மணிக்கு ஆர்ட், லைட். 11-ல இருந்து 3 வசனம் உள்ள ஷாட் எல்லாம். தோடு போட்ட சீன் முழுசும் முடிச்சுட்டு, அப்புறம்தான் வேப்பங்குச்சி. வசனம் இல்லாத ஷாட் 3-க்கு மேல.

ஒரு ஷாட்டுக்கு 20, 25 நிமிஷம் ஆகும். ஆக ஒரு நாளைக்கு 18-ல இருந்து 22 ஷாட்தான் தேறும். 60 ஷாட் எழுதிட்டு வராதீங்க. ஒவ்வொரு சீன்லயும் இது இல்லாம படமே இல்லைங்கற மூணு ஷாட்டுக்கு நட்சத்திரம் போட்டு அதை முதல்ல எடுங்க.

15,000 இப்படிப் பிரிக்கலாம்: சாப்பாடு, டீ, மோர், தண்ணி 10 பேருக்கு ரெண்டு நாள் 5,000. பூம், ரெக்கார்டர், என்டி 3,000. வண்டி 2,000. படகுக்காரருக்கும் வீட்டுக்காரங்களுக்கும் 2,000. வலை, ஊசி, துணி 1,000. மிச்சம் 2,000-ஐத் தொடாதீங்க. வலை பின்றவருக்கு ரெண்டு நாள் கூலி போகும், அதைப் பட்ஜெட்டுக்கு வெளியே டீம் ஆறு பேரும் போட்டாவது கொடுக்கணும். தடைக்காலத்துல ஒருத்தர் நேரத்தை இலவசமா கேக்கறது நியாயமில்ல. எல்லாத்துக்கும் முன்னாடி கதையை அவர்கிட்ட முழுசா சொல்லுங்க, சம்மதத்தைத் தமிழ்ல எழுதிக் கையெழுத்து வாங்குங்க.

விஸ்காம்_மூணாவது_பெஞ்ச்

கூலியை டீம்ல பேசிட்டோம், எல்லாரும் சரின்னுட்டாங்க. கடைசியா ரெண்டு கேள்வி. கார்டு எவ்வளவு வேணும்? பின்னணியில பழைய சினிமாப் பாட்டு ரேடியோல ஓடற மாதிரி வைக்கலாமா?

எடிட்_மேசை

செகண்டுக்கு 100 மெகாபிட் (100 எம்பிபிஎஸ்) வேகத்துல எடுத்தா நிமிஷத்துக்கு 750 எம்பி, மணிக்கு 45 ஜிபி. 40 ஷாட், அஞ்சு டேக், டேக்குக்கு 40 செகண்ட்னு வச்சா ரெண்டேகால் மணிக்குக் குறைவு, சுமார் 100 ஜிபி. 128 ஜிபி கார்டு ரெண்டு, ஒரு நாளைக்கு ஒண்ணு. ஒரே கார்டுல ரெண்டு நாளையும் போடாதீங்க. அன்னன்னிக்கு ராத்திரியே ரெண்டு தனித்தனி டிஸ்க்ல ஏத்தி, ஃபைல் எண்ணிக்கையும் அளவும் சரி பாத்து, சிலதை ஓடவிட்டும் பாத்துட்டுத்தான் கார்டை ஃபார்மட் பண்ணலாம். ரெண்டு டிஸ்க்கும் ஒரே ஆள் வீட்டுல இருக்கக் கூடாது.

சினிமாப் பாட்டு வேண்டாம். யூடியூப்ல உரிமைக் கோரிக்கை வரும், திரைப்பட விழாவுக்கு அனுப்பும்போது இசை உரிமைச் சான்று கேப்பாங்க. ஷூட் நேரத்துல பக்கத்து வீட்டு டிவி பாட்டும் வசனத்துக்குள்ள ஏறிடக்கூடாது, அப்புறம் பிரிக்க முடியாது. வலை பின்றவர் தானா எதையாவது முணுமுணுத்தா அது என்ன பாட்டுன்னு கேட்டுக்குங்க, சினிமாப் பாட்டா இருந்தா அதுவும் அதே சிக்கல்தான்.

பூம்_ராடு

ரெக்கார்டருக்கு மாத்து பேட்டரி ரெண்டு செட் எடுத்துக்குங்க தம்பி. துறைமுகத்துல சார்ஜ் போட இடம் தேடி அலைய வேண்டி வரும்.